வேன் போன பிறகு

(செய்தித் தொலைக்காட்சியிலிருந்து ஆவணப்படத்துக்கு வந்தவர்களைப் பற்றி உக்கடத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

  

கோவையின் உக்கடத்தை நாடு தொலைக்காட்சியில் எப்போதெல்லாம் பார்த்திருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். 1997 நவம்பர் 29 அன்று ஒரு காவலர் இங்கே கொல்லப்பட்டார். அதைத் தொடர்ந்த கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் இறந்தார்கள். 1998 பிப்ரவரி 14 அன்று நகரம் முழுக்கக் குண்டுகள் வெடித்து 58 பேர் மாண்டார்கள். 2022 அக்டோபர் 23, தீபாவளிக்கு முந்தின நாள் விடிகாலையில் கோட்டை ஈஸ்வரன் கோயில் முன்னால் கார் வெடித்தது. பிறகு 2024 ஆகஸ்டில் ஆத்துப்பாலம் வரை மேம்பாலம் திறந்தார்கள், அன்றைக்கும் கேமரா வந்தது. இந்தத் தேதிகளுக்கு நடுவே கிடக்கும் ஆண்டுகளில் இந்தத் தெருக்களில் பிள்ளைகள் பிறந்து, பள்ளிக்கூடம் போய், வேலைக்குப் போய், கல்யாணம் கட்டி, அவர்களுக்கும் பிள்ளைகள் பிறந்துவிட்டன. அந்த வாழ்க்கைக்குப் படப்பதிவு எதுவும் கிடையாது. எந்தச் சேனலின் சேமிப்பில் தேடினாலும் உக்கடம் என்றால் போலீஸ் தடுப்பும் உடைந்த கண்ணாடியும்தான் வரும்.

நான் செய்தியில் தொழில் கற்றவன். அதனால் செய்திக்காரர்களைத் திட்டுவதற்காக இந்த மேடையைப் பயன்படுத்த மாட்டேன். எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான். நல்ல ஆவணப்படக்காரராக வருவதற்குச் செய்தியைப் போன்ற பள்ளிக்கூடம் வேறு இல்லை. ஆனால் அந்தப் பள்ளிக்கூடம் ஒரு பாடத்தை மட்டும் சொல்லித் தராது, அதை நாமாகத்தான் கற்க வேண்டும். நேரலைக்கு வந்த ஓ.பி. வேன் கிளம்பிப் போன பிறகும் அந்த இடத்தில் இருப்பது, இருக்க முடியாவிட்டால் திரும்பிப் போவது.

முதலில் அந்தப் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொல்கிறேன். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது. சன் டிவி 1993 ஏப்ரல் 14 அன்று வந்தது. தனியார் சேனல்கள் செய்தி போட ஆரம்பித்த காலத்தில் கோவைச் செய்தி என்பது ஒரு கேசட். எடுத்து முடித்ததும் அதைப் பொட்டலம் கட்டி, விமானத்திலோ இரவு ரயிலிலோ சென்னைக்கு அனுப்ப வேண்டும். கூடவே ஒரு தாளில் யார், எங்கே, எப்போது என்று எழுதி வைக்க வேண்டும். அந்தத் தாளில் ஒரு பெயரில் எழுத்துப் பிழை வந்தால் மறுநாள் திரையிலும் அதே பிழை வரும், ஊரே கேட்கும். அந்தப் பயம்தான் எங்களுக்கு ஒழுங்கைக் கற்றுக்கொடுத்தது. போனதும் யாரிடம் முதலில் பேச வேண்டும், கூட்டத்தில் உண்மையிலேயே பார்த்தவர் யார், பார்த்ததாகச் சொல்பவர் யார், இருட்டுக்குள் எந்த விளக்குப் போதும், கேமராவை எங்கே வைத்தால் அழுகிறவரின் முகத்துக்கு நேராகப் போகாமல் இருக்கலாம் என்பதையெல்லாம் எந்தக் கல்லூரியிலும் நான் படிக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலிலும் கலெக்டர் ஆபீஸ் மரத்தடியிலும் சீனியர் கேமராமேன்களிடம்தான் படித்தேன்.

அதே செய்தி எங்களிடமிருந்து ஒன்றைப் பிடுங்கிக்கொண்டது. ஒரு செய்தித் தொகுப்பு ஒன்றரை நிமிடம். அதில் ஒரு மனிதரின் பேச்சுக்கு, பைட் என்று சொல்வோமே, பத்துப் பன்னிரண்டு விநாடி. அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே நம் காது அந்தப் பன்னிரண்டு விநாடியைத் தேடும். கிடைத்துவிட்டது என்று தெரிந்ததும் கை தானாக மைக்கை இறக்கும். மைக்கை இறக்கிய பிறகுதான் மனிதர்கள் பேச ஆரம்பிப்பார்கள். எல்லாப் பேட்டிகளிலும் நான் பார்த்தது இது. மைக் முன்னால் "அரசாங்கம் நடவடிக்கை எடுக்கணும்" என்று சொல்வார். மைக் இறங்கியதும், "ஏனுங்க, இதெல்லாம் போட மாட்டீங்கதானே?" என்று கேட்டுவிட்டு, தன் மகனைப் பற்றி, வாங்கின கடனைப் பற்றி, பக்கத்து வீட்டுக்காரரோடு நின்றுபோன பேச்சைப் பற்றிச் சொல்வார். ஆவணப்படம் அங்கிருந்து தொடங்குகிறது.

இதற்கு நம் மாவட்டத்து யானைகளை விட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

தடாகம் பள்ளத்தாக்கில் சின்னத்தம்பி என்று மக்களே பெயர் வைத்த ஆண் யானை இருந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அவனோடு திரிந்த விநாயகனை 2018 டிசம்பரில் பிடித்து முதுமலைக்குக் கொண்டு போனார்கள். 2019 ஜனவரி 25 அன்று சின்னத்தம்பியையும் மயக்க ஊசி போட்டுப் பிடித்து, டாப்சிலிப் பக்கம் விட்டார்கள். அவன் அங்கே நிற்கவில்லை. பொள்ளாச்சிப் பக்கம் இறங்கி, உடுமலை தாண்டி, மடத்துக்குளம் வட்டாரத்துக் கரும்புக் காட்டுக்கும் அமராவதி சர்க்கரை ஆலைப் பக்கத்துக்கும் வந்து சேர்ந்தான். ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் நடை. தமிழ்நாட்டுச் செய்திச் சேனல்கள் எல்லாம் அவன் பின்னால் இருந்தன. அவன் கரும்பு தின்றது லைவ், படுத்தது லைவ், பழக்கிய கும்கி யானை கலீமைப் பார்த்தும் மிரளாமல் நின்றது லைவ். கும்கியாக மாற்றப் போகிறார்கள் என்ற பேச்சு வந்ததும் விவாத மேடைகள். வழக்கு உயர் நீதிமன்றம் போனது. பிப்ரவரி 15 அன்று மறுபடி பிடித்து வரகளியாறு முகாமில் மரக்கூண்டுக்குள் அடைத்தார்கள். அன்று மாலையே வேன்கள் கிளம்பிவிட்டன.

அந்த நாட்களில் செய்திக்காரர்கள் செய்ததை நான் மதிக்கிறேன். அவர்கள் இல்லாவிட்டால் ஒரு யானைக்காக மாநிலமே கவலைப்பட்டிருக்காது. ஆனால் அந்தக் கதையின் முக்கியமான பகுதிகள் இரண்டும் லைவ் முடிந்த பிறகு நடந்தன. ஒன்று, கூண்டுக்குள். கட்டற்றுத் திரிந்த ஒரு விலங்கு பாகனின் சொல்லுக்குக் கட்டுப்படும் வரைக்குமான மாதங்கள். இன்றைக்குச் சின்னத்தம்பியே கும்கி, வேறு யானைகளைப் பிடிக்கப் போகிறான். இன்னொன்று, தடாகத்தில். அவன் ஏன் ஊருக்குள் வந்தான் என்பதற்கான விடை அங்கே செம்மண் எடுத்த பள்ளங்களிலும் செங்கல் சூளைகளிலும் யானை வழித்தடத்திலும் இருந்தது. அந்தச் சூளைகள் 2021இல் மூடப்பட்டன. அதற்காகப் போராடியவர்களும், அதனால் கூலி இழந்தவர்களும் இருக்கிறார்கள். இந்த இரண்டு கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒன்றரை நிமிடம் போதாது.

2023 பிப்ரவரியில் இன்னும் கிட்டத்தில் நடந்தது. தருமபுரிப் பக்கம் பிடித்து டாப்சிலிப்பில் விட்ட மக்னா, அதாவது தந்தமில்லாத ஆண் யானை, பொள்ளாச்சி வழியாக நடந்து மதுக்கரை, குனியமுத்தூர் வரைக்கும் வந்துவிட்டது. இங்கிருந்து எவ்வளவு தூரம்? மேம்பாலத்தில் ஏறி இறங்கினால் வந்துவிடும். "நகருக்குள் யானை" என்று நாளெல்லாம் ஓடியது. பேரூர்ப் பக்கம் பிடித்தார்கள், செய்தி முடிந்தது.

அதற்கு அடுத்த மாதம், நம் நேரப்படி 2023 மார்ச் 13 காலை, லாஸ் ஏஞ்சல்ஸில் ஆவணக் குறும்படத்துக்கான ஆஸ்கர் விருதை அறிவித்தார்கள். படம் 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்'. முதுமலை தெப்பக்காடு முகாமில் பொம்மன், பெள்ளி என்ற காட்டுநாயக்கர் தம்பதியும் அவர்கள் வளர்த்த ரகு என்ற குட்டி யானையும்தான் படம். இயக்கியவர் கார்த்திகி கோன்சால்வ்ஸ். ஊட்டியில் வளர்ந்தவர், கோவை டாக்டர் ஜி.ஆர். தாமோதரன் அறிவியல் கல்லூரியில் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) படித்தவர். பிறகு புகைப்படக் கலை படித்து, அனிமல் பிளானட், டிஸ்கவரி போன்ற தொலைக்காட்சிகளுக்குக் கேமரா இயக்கியவர். விஸ்காம் படிக்கிற பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும். இந்த ஊர்ப் பேருந்தில் கல்லூரிக்குப் போகிற ஒருவர் எங்கே போய்ச் சேர முடியும் என்பதற்கு அவர் சாட்சி.

அவர் தொலைக்காட்சியில் கற்றதை எங்கே விட்டார், எதை வைத்துக்கொண்டார் என்பதுதான் எனக்கு முக்கியம். 2017இல் பெங்களூரிலிருந்து ஊட்டிக்கு வீட்டுக்குப் போகும் வழியில், சாலையோரம் ஒரு மனிதர் மூன்று மாதக் குட்டி யானையோடு நடந்து போவதைப் பார்த்து வண்டியை நிறுத்தியதாக அவர் சொல்லியிருக்கிறார். செய்திக்காரர் கண் அது. காட்டுவதற்கு என்ன இருக்கிறது என்று ஒரு நொடியில் தெரிந்துகொள்ளும் கண். வனவிலங்குத் தொலைக்காட்சி என்றால் அடுத்து என்ன நடக்கும்? யானையின் எடை, உணவு, ஆபத்து, பின்னணிக் குரல், நாற்பது நிமிடம், முடிந்தது. கார்த்திகி ஐந்து ஆண்டுகள் போய்க்கொண்டே இருந்தார். எடுத்தது சுமார் 450 மணி நேரம், படம் 41 நிமிடம். படத்தில் பின்னணிக் குரலே இல்லை. பொம்மனும் பெள்ளியும் தங்கள் பேச்சில் தங்கள் கதையைச் சொல்கிறார்கள். ரகுவின் தாய் மின்சாரம் தாக்கிச் செத்தது, பெள்ளி தன் மகளை இழந்தது, குட்டியை வளர்த்ததில் அந்தத் துக்கம் கொஞ்சம் ஆறியது, பிறகு ரகுவையே வேறு பாகனிடம் கொடுத்துவிட்ட அன்றைய அழுகை. இவற்றில் எதையும் முதல் நாள் போனவரிடம் யாரும் சொல்ல மாட்டார்கள். மைக்கை இறக்கிய பிறகு வரும் பேச்சு என்று முன்னே சொன்னேனே, படம் முழுக்க அந்தப் பேச்சுதான்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். விருதுக்குப் பிறகு, 2023 ஆகஸ்டில், படத்துக்காகத் தங்களுக்குத் தருவதாகச் சொன்ன பணமும் உதவியும் வரவில்லை என்று பொம்மனும் பெள்ளியும் சொன்னதாகச் செய்திகள் வந்தன. படக்குழு அதை மறுத்தது. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நான் இங்கே வரவில்லை. ஆனால் இந்தக் கேள்வி ஆவணப்படத்துக்குத்தான் வரும், செய்திக்கு வராது என்பதைக் கவனியுங்கள். ஒன்றரை நிமிடச் செய்திக்கு யாரும் கடன்பட்டதாக உணர்வதில்லை. ஐந்து ஆண்டு ஒருவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அவர் போட்டுக் கொடுத்த டீயைக் குடித்து, அவர் துக்கத்தைப் பதிவு செய்தால் உறவு உண்டாகிவிடும். உறவு வந்தால் கணக்கும் வரும். ஆவணப்படம் எடுக்க நினைப்பவர் முதல் நாளே இதைப் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். பணம் உண்டா, எவ்வளவு, படம் விற்றால் பங்கு உண்டா, வேண்டாம் என்று பிற்பாடு சொன்னால் காட்சியை எடுத்துவிடலாமா என்பதையெல்லாம் அவருக்குப் புரிகிற தமிழில், எழுத்தில். என் வேலையில் இதைவிடப் பெரிய அறம் வேறு எனக்குத் தெரியவில்லை. (அதே மாதம் பெள்ளிக்கு முகாமில் முறையான வேலை கிடைத்தது, தமிழ்நாட்டின் முதல் பெண் காவடியாக, அதாவது பாகனின் உதவியாளராக. அது எனக்கு ஆஸ்கரை விடச் சந்தோஷம் தந்த செய்தி.)

எழுத்திலிருந்தும் செய்தியிலிருந்தும் ஆவணப்படத்துக்குப் போவது தொலைக்காட்சி வந்த பிறகு பிறந்த பழக்கம் என்று நினைக்காதீர்கள். தொலைக்காட்சிக்கு வெகுமுன்பே கேமரா வந்த நம் ஊரைப் பாருங்கள். ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவி வாங்கி, கூடாரம் போட்டு ஊர் ஊராகப் படம் காட்டினார். 1914இல் இங்கே வெரைட்டி ஹால் கட்டினார். அந்தச் சாலைக்கு இன்றும் அந்தப் பெயர்தான், இங்கிருந்து நடந்தே போய்விடலாம். ஜி.டி. நாயுடு 1936இல் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தன் கேமராவில் பிடித்தவர். கேமரா கோயமுத்தூருக்குப் புதுசு இல்லை.

ஆனால் நான் என் ஆசான் என்று சொல்லிக்கொள்வது கோட்டையூர்க்காரரான ஏ.கே. செட்டியாரை. அவர் பத்திரிகையாளர். ரங்கூனில் 'தனவணிகன்' பத்திரிகை நடத்தியவர், பிற்காலத்தில் 'குமரி மலர்' ஆசிரியர். டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை படித்தார். 1937 அக்டோபர் 2, காந்தியின் பிறந்த நாளன்று, நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குப் போகும் கப்பலில் காந்தியைப் பற்றி ஒரு படம் எடுக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. காந்தியைக் கேமராவுக்கு முன்னால் உட்கார வைத்து எடுப்பது நடக்காத காரியம். அவர் என்ன செய்தார்? அதற்கு முந்தின முப்பது ஆண்டுகளில் உலகத்தில் எங்கெங்கோ செய்திப்படத்துக்காகப் பலர் எடுத்துப் போட்டிருந்த துண்டுகளைத் தேடிக்கொண்டு போனார். தென்னாப்பிரிக்கா, ஐரோப்பா, அமெரிக்கா, இந்தியா என்று சுமார் ஒரு லட்சம் மைல் பயணம். சுமார் நூறு பேர் எடுத்த ஐம்பதாயிரம் அடிப் படச்சுருள் சேர்ந்தது. அதிலிருந்து சுமார் பன்னிரண்டாயிரம் அடியில் படத்தைத் தொகுத்து, 1940 ஆகஸ்ட் 23 அன்று தமிழில் வெளியிட்டார். காந்தி உயிரோடு இருக்கிறார், இரண்டாம் உலகப் போர் நடக்கிறது, ஆள்வது வெள்ளைக்காரன். அந்த நேரத்தில்.

செய்திக் கேமராமேன் அன்றைக்கு எடுத்தது ஒரு நாள் கூட்டம், ஒரு கப்பல் வருகை, ஒரு ஊர்வலம். அவருக்குக் கிடைத்த சில விநாடி. அவற்றை வரிசையில் வைத்துப் பார்க்கும் பொறுமை ஒருவருக்கு இருந்ததால் ஒரு மனிதரின் வாழ்க்கை தெரிந்தது. செய்திக்காரர்கள் சும்மா எடுத்துப் போட்டதாக யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அவர்கள் எடுக்காவிட்டால் செட்டியாருக்குப் படமே இல்லை.

திருநெல்வேலியில் அதை மறுபடி பார்த்தோம். 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக நடந்த ஊர்வலம் தாமிரபரணிக் கரையில் தடியடியில் முடிந்து 17 பேர் ஆற்றில் செத்தார்கள். காஞ்சனை திரைப்பட இயக்கத்தின் ஆர்.ஆர். சீனிவாசன் 'நதியின் மரணம்' எடுத்தார். அன்றைக்குக் கரையில் இருந்த கேமராக்கள் பிடித்த காட்சிகள் இல்லாமல் அந்தப் படம் இல்லை. செய்தியில் ஓடி மறைந்திருக்க வேண்டிய காட்சியை அவர் சாட்சியமாக நிறுத்தினார்.

வெளிநாட்டு உதாரணம் ஒன்று மட்டும். உக்ரைனைச் சேர்ந்த மிஸ்திஸ்லாவ் செர்னோவ், அசோசியேட்டட் பிரஸ் நிறுவனத்தின் வீடியோ செய்தியாளர். 2022 பிப்ரவரியில் ரஷ்யப் படைகள் மரியுபோலைச் சூழ்ந்தபோது மற்ற வெளிநாட்டுச் செய்தி நிறுவனங்கள் எல்லாம் வெளியேறிவிட்டன, அவரும் அவர் குழுவும் இருந்தார்கள். மகப்பேறு மருத்துவமனை மீது குண்டு விழுந்ததை உலகம் பார்த்தது அவர்களால்தான். இணையம் அறுந்துபோன ஊரிலிருந்து அவரால் அனுப்ப முடிந்தவை சிறு சிறு துண்டுகள். உயிர் தப்பி வெளியே வந்த பிறகு, கையில் இருந்த முப்பது மணி நேரப் பதிவைத் திரும்பப் பார்த்து '20 டேஸ் இன் மரியுபோல்' படத்தைச் செய்தார். 2024இல் ஆஸ்கர். அவர் வேறு எங்கும் போய்க் காட்சி தேடவில்லை. செய்தி விட்டுவிட்டதை எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான். ஒரு டாக்டரின் மௌனம், ஒரு தகப்பனின் முழு அழுகை, படம் எடுத்ததற்காகத் தன்னைத் திட்டியவரின் கோபம். செய்தியில் அந்தத் திட்டை வெட்டிவிடுவோம். ஆவணப்படத்தில் அது இருந்தாக வேண்டும்.

இப்போது கஷ்டமான விஷயத்துக்கு வருகிறேன். திரும்பிப் போக வேண்டும் என்று சொல்வது சுலபம். யார் காசில்?

இங்கே இருக்கும் செய்தியாளர் தம்பிகளில் பலர் ஸ்ட்ரிங்கர்கள். செய்திக்கு இவ்வளவு என்று கூலி. செய்தி ஓடாவிட்டால் பெட்ரோல் காசும் கைவிட்டுப் போகும். அவரிடம் போய், நீ தெப்பக்காட்டில் ஐந்து வருடம் உட்காரு என்று சொல்வது நியாயம் இல்லை. தமிழில் இத்தனை சேனல்கள் இருந்தும், சுதந்திரமாக எடுத்த ஆவணப்படத்துக்கு வாரம் ஒரு மணி நேரம் நிலையாக ஒதுக்க இவர்களால் முடியவில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். அரசு தொலைக்காட்சியின் கதை வேறு மாதிரி. ஆனந்த் பட்வர்தன் தொண்ணூறுகளின் நடுவில் முடித்த 'ஃபாதர், சன் அண்ட் ஹோலி வார்' படம் தேசிய விருது வாங்கியது. அதை ஒளிபரப்ப தூர்தர்ஷன் மறுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், 2006இல்தான் ஒளிபரப்பச் சொல்லித் தீர்ப்பு வந்தது. ஏறத்தாழ பத்து வருடம். அதே தூர்தர்ஷனில், 2000இல் தொடங்கிய பொதுச் சேவை ஒளிபரப்பு அறக்கட்டளை வழியாக நூற்றுக்கணக்கான ஆவணப்படங்கள் பணம் பெற்று ஒளிபரப்பாகியும் இருக்கின்றன. ஆக, வழி இருக்கிறது, மனசு வைத்தால்.

சென்னைக்காரர் சேகர் தத்தாத்ரி இன்னொரு வழியைக் காட்டினார். பதின்ம வயதில் பாம்புப் பண்ணையில் தொண்டராக நுழைந்தவர். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுப் பக்கம் இருக்கும் அமைதிப் பள்ளத்தாக்கைப் பற்றி 1991இல் அவர் செய்த படம் உலகமெல்லாம் போனது. பெரிய வெளிநாட்டுச் சேனல்களுக்கு வேலை செய்தார். நல்ல பெயர், நல்ல சம்பளம். அதிலிருந்து அவரே விலகினார். அழகான காட்டைக் காட்டிக்கொண்டே இருந்தால் காடு பிழைக்காது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. 2001இல் குதிரைமுக் இரும்புத் தாதுச் சுரங்கத்தைப் பற்றிக் குறும்படம் எடுத்தார். கோடிப் பேர் பார்க்கும் சேனலுக்காக இல்லை, முடிவெடுக்கும் இடத்தில் இருக்கும் சிலர் பார்ப்பதற்காக. அடுத்த ஆண்டு, 2002இல், அந்தச் சுரங்கத்தை 2005 முடிவுக்குள் மூட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதற்காகப் போராடியவர்கள் கையில் இருந்த ஆயுதங்களில் அந்தப் படமும் ஒன்று. எத்தனை பேர் பார்த்தார்கள் என்று டி.ஆர்.பி. கேட்கும். யார் பார்த்தார்கள் என்பது அதைவிடப் பெரிய கேள்வி என்று எனக்கு அவரிடமிருந்துதான் புரிந்தது.

இனி உக்கடத்துக்கு வருவோம்.

இந்த ஊரைப் பற்றி யார் படம் எடுக்கப் போகிறார்கள்? வெளியே இருந்து ஒருவர் வந்து எடுக்கட்டும் என்று காத்திருந்தால், அவர் மறுபடி ஒரு பிப்ரவரி 14 அன்று வந்து, அதே சேமிப்புக் காட்சியைப் போட்டுவிட்டுப் போவார். இங்கே படம் எடுக்க என்ன இருக்கிறது என்று ஒரு மாணவி சற்று முன்னால் வாசலில் என்னைக் கேட்டார். பெரியகுளம் இருக்கிறதம்மா. நொய்யல் தண்ணீர் கிருஷ்ணாம்பதி, செல்வாம்பதி, முத்தண்ணன் குளம், செல்வசிந்தாமணி என்று குளம் குளமாக இறங்கி இங்கே வந்து, வாலாங்குளத்துக்குப் போகும் ஏற்பாடு இருக்கிறது. மழைக்காலத்தில் ஒரு நாள் அந்தத் தண்ணீரோடு நடந்தாலே உனக்கு ஒரு படம். கரையில் நடைபாதை வந்திருக்கிறது, அதற்கு முன் அந்தக் கரையில் குடியிருந்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று தேடினால் இன்னொரு படம். விடிகாலை மீன் மார்க்கெட். மேம்பாலத்துக்குக் கீழே மறைந்துபோன கடைகளின் கணக்குப் புத்தகம்.

இன்னொரு படம் இருக்கிறது, அதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் தடுமாறுகிறது. 97, 98க்குப் பிறகு இரண்டு பக்கமும் பலர் வீடு மாற்றிப் போனார்கள். எதிர் வீட்டில் இருந்தவர், ஒரே ஸ்கூலில் படித்தவர், ஒரே கடையில் வேலை பார்த்தவர், இவர்களுக்குள் அதற்குப் பிறகு என்ன ஆயிற்று? யார் யாரைத் திரும்பத் தேடிப் போனார்கள்? இதைச் செய்திக்காரர் கேட்டால் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள், சொல்லவும் கூடாது. இந்தத் தெருவில் வளர்ந்த ஒருவர், நேரம் எடுத்து, கேமரா இல்லாமல் முதல் சில மாதம் போய், அவர்களே சொல்ல வரும் வரை காத்திருந்து கேட்க வேண்டும். சிலர் சொல்ல மறுப்பார்கள். அந்த மறுப்பையும் மதித்துத் திரும்பி வரத் தெரிந்தவர்தான் இந்தப் படத்தை எடுக்க முடியும். அவசரம் இல்லை. ஆனால் அந்த நாட்களைப் பெரியவர்களாகப் பார்த்தவர்களுக்கு இப்போது அறுபது, எழுபது வயது. அது மட்டும் அவசரம்.

செய்தியில் இருக்கும் தம்பிகளுக்கு, தங்கச்சிகளுக்கு, நடைமுறையாகச் சிலது சொல்லி முடித்துக்கொள்கிறேன். வேலையை விட்டுவிட்டு வரச் சொல்லவில்லை. அலுவலகத்துக்கு ஒன்றரை நிமிடம் அனுப்பிய பிறகு மீதி இருக்கும் ரா ஃபுட்டேஜை அழித்துவிடாதீர்கள். மெமரி கார்டு நிறைந்துவிட்டது என்று அழிக்கிறோமே, அதில்தான் பைட்டுக்கு முன்னும் பின்னும் அந்த மனிதர் பேசியது இருக்கிறது. நிறுவனத்துக்கு உரிமை உள்ள காட்சி என்றால் அனுமதி கேட்டு ஒரு படி வைத்துக்கொள்ளுங்கள், கேட்டால் கொடுக்கிறவர்கள் உண்டு. ஒரு ஹார்ட் டிஸ்க் போதாது, இரண்டில் வையுங்கள். ஒவ்வொரு கோப்புக்கும் தேதி, ஊர், பேசியவர் பெயர். வெறும் "உக்கடம் விஷுவல்" என்று எழுதினால் பத்து வருடம் கழித்து உங்களுக்கே புரியாது.

இந்த நகரத்தில் தொண்ணூறுகளில் கல்யாண வீடியோ எடுத்த ஸ்டுடியோக்காரர்கள், லோக்கல் கேபிளுக்குச் செய்தி எடுத்தவர்கள் நிறைய. அவர்கள் வீட்டுப் பரணில் வி.எச்.எஸ்., யூமேட்டிக் கேசட்டுகள் கிடக்கின்றன. பூஞ்சை பிடித்துக்கொண்டிருக்கின்றன. கல்யாண ஊர்வலத்துக்குப் பின்னால் அன்றைய ஒப்பணக்காரத் தெரு தெரியும், கலவரத்துக்கு முந்தின டவுன்ஹால் தெரியும், ஒரே பந்தியில் யார் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பதும் தெரியும். இங்கே வந்திருப்பவர்களில் யார் வீட்டிலாவது அப்படிப் பெட்டி இருந்தால் தயவுசெய்து பழைய சாமான்காரருக்குப் போடாதீர்கள். ஈரம் படாத இடத்தில், படுக்கப் போடாமல் நிறுத்தி வையுங்கள். பிளேயரில் போட்டுப் பார்க்க முயலாதீர்கள், பூஞ்சை உள்ள நாடா அறுந்துவிடும். கூட்டம் முடிந்ததும் என்னிடமோ, விஸ்காம் மாணவர்களிடமோ சொல்லுங்கள், நாங்கள் வீட்டுக்கே வந்து பார்க்கிறோம். அதைச் சுத்தம் செய்து டிஜிட்டலாக மாற்றத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். கேசட் உங்களுடையதாகவே இருக்கும், ஒரு படி மட்டும் எங்களுக்கு. அதில் யார் முகம் வெளியே தெரியலாம், யார் முகம் தெரியக்கூடாது என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

கேட்க நினைப்பது இருந்தால் இப்போது கேளுங்க.